முதலில் பாட்டு, பிறகு சுரம்

சிறிய மரப்பெட்டி ஒன்று. அதன்மேல் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக அடுக்கிய மரக்கட்டைகள். உருண்டைத் தலை வைத்த கோலால் தட்டினால் ஒவ்வொரு கட்டையும் ஒரு சுரம் பேசும். பிள்ளைகள் வருவதற்கு முன் ஆசிரியர் சில கட்டைகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுகிறார். மத்திமமும் நிஷாதமும் போய்விட்டன. மீதி இருப்பவை ச, ரி, க, ப, த.

கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இது மோகனம். இந்தக் கருவியை வகுத்த ஜெர்மனிக்காரர்கள் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. கழற்றியதற்குக் காரணம் வேறு. மேலை இசையின் அந்த ஏழு சுரங்களில் நெருக்கி நிற்கும் அரை இடைவெளிகள் இரண்டே. மத்திமத்தையும் நிஷாதத்தையும் எடுத்துவிட்டால் இரண்டும் மறைந்துவிடும். ஐந்து வயதுப் பிள்ளை இனி எந்தக் கட்டையைத் தட்டினாலும் காதைக் கடிக்காது. பக்கத்தில் இருப்பவள் வேறொரு கட்டையைத் தட்டினாலும் இரண்டும் முட்டிக்கொள்ளாது. முதல் நாளே, ‘தப்பு’ என்ற சொல் காதில் விழாமல், அந்தப் பிள்ளை இசை செய்துவிட்டுப் போகிறது.

இசை கற்பிப்பதில் எதை முதலில் வைப்பது என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பா கண்ட இரண்டு பெரிய விடைகளில் இது ஒன்று, மியூனிக் நகரத்து விடை. மற்றொன்று ஹங்கேரியில் பிறந்தது. இரண்டையும் கூர்ந்து பார்த்தால், நம் முற்றத்தில் எப்போதோ இருந்த வரிசைமுறை ஒன்று கண்ணில் படும்.

மியூனிக்: தட்டுவதற்கு ஒரு கட்டை

1924இல் டோரத்தே குந்தர் என்ற பெண்மணியும் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபும் சேர்ந்து மியூனிக்கில் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். உடற்பயிற்சி, நடனம், இசை மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் ஆசிரியப் பணிக்குத் தயாரான இளம்பெண்கள். ஆடுகிறவரே வாசிக்கவும் வேண்டும் என்பது ஓர்ஃபின் ஆசை. பியானோவை வைத்துக்கொண்டு அது நடக்காது. அதன்முன் உட்கார்ந்து விரல் பழகவே ஆண்டுகள் ஆகும். ஆப்பிரிக்க மரக்கட்டைக் கருவிகளையும் இந்தோனேசியாவின் கமலான் இசைக்குழுவின் உலோகத் தகட்டுக் கருவிகளையும் மனத்தில் வைத்து, கார்ல் மெண்ட்லர் என்ற கருவி செய்பவரைக் கொண்டு எளிய கருவிகளைச் செய்வித்தார். 1926இல் மாணவியாக வந்து சேர்ந்த குனில்ட் கேட்மன் அந்தக் கருவிகளுக்கான இசையைப் பெருமளவில் எழுதினார். ‘ஓர்ஃப் முறை’ என்று உலகம் சொல்வதில் பாதிக்குமேல் அவருடைய உழைப்பு.

இந்த வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. 1936 பெர்லின் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியர் ஆடியது ஓர்ஃபும் கேட்மனும் அமைத்த இசைக்குத்தான். குழந்தைகளின் கூட்டிசையைப் போல அரசுகளுக்குப் பிடித்த அலங்காரம் வேறில்லை. அதே நாஜி ஆட்சி 1944இல் பள்ளியை மூடியது. 1945இல் குண்டுவீச்சில் கட்டடமும் கருவிகளும் அழிந்தன.

மறுபிறவி கொடுத்தது வானொலி. 1948இல் பவேரிய வானொலி, பிள்ளைகளே வாசிக்கக்கூடிய இசையை அமைத்துத் தரும்படி ஓர்ஃபைக் கேட்டது. பெரியவர்களின் பயிற்சியிலிருந்து பிறந்த முறை அப்போதுதான் குழந்தைகளிடம் வந்தது. ஒலிபரப்பைக் கேட்ட பள்ளிகள் கருவிகளும் கேட்டன. 1949இல் ஒரு பட்டறை எழுந்தது. 1950 முதல் 1954 வரை ஐந்து தொகுதிகள் அச்சாயின. 1961இல் சால்ஸ்பர்க்கில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு நிறுவனம் தோன்றியது.

முறையின் சாரம் எளிது. முதலில் பேச்சு. பிள்ளை தன் பெயரைச் சொல்கிறது, சொன்னபடியே கைதட்டுகிறது, தட்டியபடியே கால் பதிக்கிறது. பிறகுதான் அந்தத் தட்டு கட்டைக்கு இறங்குகிறது. முதலில் கற்பிக்கும் துணைவாசிப்பு ‘ச’வையும் ‘ப’வையும் சேர்த்து விடாமல் தட்டுவது. நம் வீட்டு ஆளுக்கு இதை விளக்கவே வேண்டாம். தம்புரா நாள் முழுக்கச் செய்யும் வேலை அது.

ஹங்கேரி: தாய்மொழியில் பாடு

ஸோல்தான் கொடாய் 1882இல் கெச்கெமேட் நகரில் ஒரு ரயில்வே ஊழியரின் மகனாகப் பிறந்தவர். 1905 முதல் கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்பாடல் சேகரித்தார். பேலா பார்டோக்கும் அவரும் மெழுகு உருளையில் பதியும் ஒலிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்த கதை இசையுலகம் அறிந்தது. அந்த அலைச்சலில் அவர் கண்டது இரண்டு ஹங்கேரிகள்: படிக்காத கிழவிகள் நூற்றுக்கணக்கான பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருந்த ஹங்கேரி, படித்த பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பாட்டும் தெரியாத ஹங்கேரி. 1925இல் புடா மலைப்பக்கம் உலாப்போன ஆசிரியப் பயிற்சி மாணவிகள் பாடியதைக் கேட்டு மனம் நொந்ததாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். நாளை ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரப் போகிறவர்கள் பாடிய பாட்டு அது என்பதுதான் அவரை உறுத்தியது. அதற்குப்பின் நாற்பதாண்டுகள் அவர் குழந்தைகளை விடவில்லை.

1929இல் எழுதிய கட்டுரையில் அவர் வைத்த வாதம் இன்றும் சுடுகிறது. தலைநகர் ஓபராவின் இயக்குநர் யார் என்பதைவிட, கிஷ்வார்தா என்ற சிற்றூரில் பாட்டு ஆசிரியர் யார் என்பது முக்கியம். மோசமான இயக்குநர் தோற்றால் வெளியேற்றப்படுவார். மோசமான ஆசிரியர் முப்பதாண்டுகள் இருந்து, முப்பது வகுப்புப் பிள்ளைகளின் இசை ஆசையை முளையிலேயே கிள்ளிவிடுவார்.

அவருடைய முறைக்கு மூன்று தூண்கள். ஒன்று, குரல்தான் முதற்கருவி. காசு கேட்காது, எல்லாப் பிள்ளையிடமும் உண்டு. பாடத் தெரியாத பிள்ளையின் விரலைப் பியானோவில் வைப்பது அவருக்குப் பிடிக்காது. குரல் சுத்தமாக ஒலிக்க, பியானோத் துணையையே தவிர்த்து, ஒரு குரலை மற்றொரு குரலோடு சேர்த்துப் பழக்கினார். இரண்டு, அந்தக் குரலில் முதலில் ஏற வேண்டியது தாய்மொழியின் நாட்டுப்பாடல். மொழியை எந்த வரிசையில் கற்கிறோமோ அதே வரிசை: கேட்பது, பேசுவது, பிறகு எழுத்து. மூன்று, எழுத்து கட்டாயம் வரவேண்டும். ஒவ்வொரு குடிமகனும் இசைக்குறியை நாளிதழ்போல வாசிக்க வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இனிமையாகப் பாடவைத்து அனுப்பிவிடும் முறை என்று இதை நினைப்பவர்கள் மூன்றாவது தூணை மறந்துவிடுகிறார்கள்.

உத்திகள் பல இடங்களிலிருந்து கடன் வாங்கியவை. நிலைமாறும் ‘தோ’ இங்கிலாந்திலிருந்து வந்தது: நாரிச் நகரத்து ஆசிரியை சாரா குளோவர் தொடங்கியதை ஜான் கர்வென் என்ற பாதிரியார் பரப்பினார். எந்த உயரத்தில் பாடத் தொடங்கினாலும் ஆதார சுரத்துக்கு ‘தோ’ என்றே பெயர். நமக்கு இது புதுமையே இல்லை; பாடுபவரின் சுருதி எதுவோ அதுவே ‘ச’. ஐரோப்பிய ஆசிரியர்கள் வாதாடி நிலைநாட்ட வேண்டியிருந்த ஒன்று நம் பிள்ளைக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

கர்வெனிடமிருந்து வந்த இன்னொன்று கைச்சாடை. ‘தோ’வுக்கு இடுப்பருகே மூடிய முட்டி. ‘மி’க்கு (நம் ‘க’) மார்பளவில் தரைக்குச் சமமாக நீட்டிய உள்ளங்கை. ‘ஸோ’வுக்கு (நம் ‘ப’) அதற்கும் மேலே, தன்னைப் பார்த்துத் திரும்பிய உள்ளங்கை. ஆசிரியர் வாய் திறக்காமல் கையை மேலே கொண்டுபோகிறார், சற்று இறக்குகிறார். வகுப்பு ‘ஸோ–மி’ என்று பாடுகிறது. ஐரோப்பியக் குயில் கூவுவதைப்போல இறங்கும் அந்தச் சிறிய இடைவெளியில்தான் ஓர்ஃப், கொடாய் இருவரின் பாடமும் தொடங்குகிறது. நம் கை தாளத்தை எண்ணும். ஹங்கேரிப் பிள்ளையின் கை சுரத்தின் உயரத்தைக் காட்டும்.

தாள அசைகள் பிரான்சிலிருந்து வந்தன: ஓரெண்ணிக்கைக்கு ‘தா’, அதில் பாதிக்கு ‘தி’. தமிழ்க் கண்ணுக்கு இது வியப்பு. தா நெடில், இரண்டு மாத்திரை. தி குறில், ஒரு மாத்திரை. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. அகர வரிசை படிக்கும் நம் முதல் வகுப்புப் பிள்ளை கால அளவையும் சேர்த்தே படிக்கிறது. அதை இசை என்று யாரும் அதனிடம் சொல்வதில்லை.

1950இல் கெச்கெமேட்டில், மார்த்தா நெமெஸ்ஸெகி என்ற ஆசிரியையின் தலைமையில், நாள்தோறும் பாட்டு வகுப்பு நடக்கும் தொடக்கப்பள்ளி பிறந்தது. பின்னர் அதைப்போன்ற பள்ளிகள் ஹங்கேரியில் நூற்றுக்குமேல் பெருகின. மழலையர் பள்ளிக்கான வழியை வகுத்தவர் கட்டலின் ஃபொரை. 2016இல் யுனெஸ்கோ, நாட்டார் இசை மரபைக் காக்கும் நல்ல நடைமுறைகளுள் ஒன்றாகக் கொடாய் வழியைப் பட்டியலில் சேர்த்தது.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

குழந்தைக்கு இசை எதற்கு? ‘மூளை வளரும், கணக்கு வரும்’ என்பதே விளம்பரங்களின் விடை. 1993இல் கல்லூரி மாணவர்கள் 36 பேரைப் பத்து நிமிடம் மோட்சார்ட் கேட்கவைத்துச் செய்த சோதனை ஒன்றிலிருந்து கிளம்பிய அலை இது. அந்தச் சோதனையில் குழந்தைகளே இல்லை. கிடைத்த பலனும் சில நிமிடங்களுக்கு மட்டுமே நின்றது.

கவனமாகச் செய்த ஆய்வுகள் அடக்கமாகவே பேசுகின்றன. 2004இல் டொரன்டோவில் கிளென் ஷெல்லன்பெர்க் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார். ஒன்று விசைப்பலகை கற்றது, ஒன்று கொடாய் முறையில் பாட்டு, ஒன்று நாடகம், மீதி ஒன்று எதுவுமில்லை. ஓராண்டுக்குப்பின் இசைக் குழுக்களின் நுண்ணறிவு ஈவு மற்றவர்களைவிடச் சற்றே கூடுதலாக உயர்ந்திருந்தது. வேறுபாடு மூன்று புள்ளிக்கும் குறைவு. 2013இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் மழலையரிடம் நடத்திய இரண்டு சோதனைகளில் நிலையான அறிவுப் பலன் எதுவும் தென்படவில்லை. 2020இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்றும், ஒப்பீட்டுக் குழு சரியாக இருந்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால் பலன் ஏறத்தாழ சுழியம் என்றது.

வேறொரு பக்கம் சான்று வலுவாக இருக்கிறது. 2009இல் ஹங்கேரிய ஆய்வாளர் இஷ்த்வான் விங்க்லரின் குழு, பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன, உறங்கும் குழந்தைகளின் மூளை அலைகளைப் பதிந்தது. சீரான தாளத்தில் முதல் அடியை மட்டும் விட்டுவிட்டபோது மூளை அதைக் கவனித்தது. வரவேண்டியது வரவில்லை என்று தெரிந்துகொண்டது. 2005இல் கனடாவில் நடந்த சோதனையில், ஒரே தாளத்தைக் கேட்டபடி ஏழு மாதக் குழந்தைகள் சிலரை இரண்டுக்கு ஒருமுறையும் சிலரை மூன்றுக்கு ஒருமுறையும் துள்ளவைத்தார்கள். பிறகு, தாங்கள் துள்ளிய கணக்கிலேயே அழுத்தம் விழும் தாளத்தை அவர்கள் விரும்பிக் கேட்டார்கள். தாளம் காது வழியாக மட்டுமல்ல, இடுப்பு வழியாகவும் ஏறுகிறது.

இன்னும் இரண்டு சோதனைகள், ஜெர்மனியின் கிர்ஷ்னரும் டொமசெல்லோவும் செய்தவை. இரண்டரை வயதுப் பிள்ளைகூட இயந்திரத்தோடு கொட்டுவதைவிட மனிதரோடு சேர்ந்து கொட்டும்போது தாளம் பிசகாமல் கொட்டுகிறது. சேர்ந்து பாடி ஆடிய நான்கு வயதுப் பிள்ளைகள், இசையில்லாமல் விளையாடியவர்களைவிட ஒருவருக்கொருவர் அதிகம் உதவினார்கள்.

ஆக, பிள்ளைக்கு இசை கணக்குப் பாடத்தின் கூலியாள் அன்று. சேர்ந்து இயங்கப் பழக்கும் பழக்கம் அது. பிறவியிலேயே வந்த தாள உணர்வுக்குப் போடும் உணவு. இந்த நியாயம் போதும். மதிப்பெண்ணை இழுத்துவர வேண்டியதில்லை.

பிள்ளைத்தமிழ் வைத்த வரிசை

இப்போது நம் பக்கம். பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கியத்தை நாம் பக்தியாகவோ புலமையாகவோ மட்டும் படிக்கிறோம். பெரியாழ்வாரிடம் வேர்விட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழில் முழு உருப்பெற்ற வகை அது. அதன் பருவப் பெயர்களை ஓர் இசையாசிரியர் படித்தால் வேறொன்று தெரியும். செங்கீரை: ஐந்தாம் மாதத்தில் கையூன்றித் தலைநிமிர்த்தி உடலசைத்தல். தால்: நாவசைத்துப் பாடும் தாலாட்டைக் கேட்டல். சப்பாணி: ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டுதல். கடைசிப் பருவங்களில் ஆண்பிள்ளைக்குச் சிறுபறை, அதாவது கைக்கு அடக்கமான கொட்டு.

அசைவு, கேள்வி, கைதட்டு, எளிய கருவி. மியூனிக் 1948இல் வந்து சேர்ந்த வரிசை இதுதான். ஒரு குறையும் உடன் வருகிறது: சிறுபறை ஆணுக்கு மட்டும். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அந்த இடத்தில் அம்மானையும் நீராடலும் ஊசலும் இருக்கின்றன. கொட்டைப் பெண்பிள்ளையின் கையில் கொடுக்க நம் மரபு தயங்கியது. அந்தத் தயக்கம் ஏட்டோடு நிற்கவில்லை.

ஏட்டுக்கு வெளியே, கைவீச வைக்கும் பாட்டும் சாய்ந்தாட வைக்கும் பாட்டும் நிலாவை அழைக்கும் பாட்டும் எந்த வீட்டிலும் உண்டு. அவற்றின் மெட்டு பெரும்பாலும் மூன்று நான்கு சுரத்துக்குள் அடங்கும். பூவரசு இலையைச் சுருட்டிச் செய்த பீப்பி, கொட்டாங்குச்சி, கோலாட்டக் கோல், சிப்ளாக்கட்டை என்று கருவிக்கும் பஞ்சமில்லை.

இவற்றோடு வளரும் பிள்ளையை ஐந்து வயதில் விஜயதசமியன்று பாட்டு வகுப்பில் சேர்க்கிறோம். சுருதிப்பெட்டி ஒலிக்கிறது. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. முதல் பாடமே கீழ் ‘ச’விலிருந்து மேல் ‘ச’ வரை. மழலையின் குரல் வசதியாகப் புழங்கும் எல்லை ஐந்தாறு சுரம்தான். எட்டாவதை எட்டக் கழுத்து நரம்பு புடைக்கிறது. ரிஷபமும் தைவதமும் நெருக்கி நிற்கும் அரை இடைவெளிகள் வேறு. ஓர்ஃப் கழற்றி வைத்த கட்டைகளைப் போன்றவற்றை நாம் முதல் நாளே கையில் கொடுக்கிறோம். சரளி, ஜண்டை, அலங்காரம் எல்லாம் தாண்டித்தான் கீதம் வரும். பாட்டுக் கற்கச் சேர்ந்த பிள்ளைக்குப் பாட்டுக் கிடைக்க மாதங்கள் ஆகின்றன.

சரளி வரிசையைக் குறைசொல்வது என் நோக்கமன்று. புரந்தரதாசர் வகுத்ததாக மரபு போற்றும் அந்த ஏற்பாடு ஆழமானது. மாயாமாளவகௌளையின் இரு பாதிகளும் ஒரே அச்சில் வார்த்தவை: ச ரி க ம எப்படியோ ப த நி ச அப்படியே. ஒன்றைப் பிடித்தவன் மற்றதைப் பிடித்துவிடுவான். எட்டு வயதுக்குமேல் குரலும் பொறுமையும் வந்த பிள்ளைக்கு அதைவிட நல்ல இலக்கணம் இல்லை. இலக்கணத்தை மழலையின் வாயில் முதலில் ஊட்டுவதுதான் கோளாறு. நம் முன்னோடி ஒருவரே வேறு வழியும் காட்டியிருக்கிறார். முத்துசாமி தீட்சிதர், ஆங்கிலேயர் பாண்டு வாத்திய மெட்டுகளில் சாகித்தியம் அமைத்த நோட்டுசுரங்கள் கமகமில்லாமல், நேர்நடையில், குதித்து ஓடுபவை. இன்று பல ஆசிரியர்கள் சிறுபிள்ளைகளுக்கு அவற்றைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

தாளத்தில் நாம் இன்னும் வசதியானவர்கள். ‘முருகன்’ என்று சொல்லித் தட்டினால் தகிட. ‘குருவிகள்’ என்றால் தகதிமி. இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் ஏழு, மிஸ்ரம். மேலைநாட்டுப் பிள்ளை கல்லூரியில் தடுமாறும் ஏழின் நடையை நம் பிள்ளை ஒரு பெயரிலும் ஒரு பறவையிலும் முடித்துவிடும். இதற்குச் சங்கீத வித்துவான் தேவையில்லை. பாடத் தயங்காத அங்கன்வாடிப் பணியாளர் போதும். எண்ணையும் எழுத்தையும் சொல்லிக்கொடுக்கப் பாட்டைப் பயன்படுத்தும் பள்ளிகள், பாட்டைப் பாட்டுக்காகவும் நாளுக்குப் பத்து நிமிடம் வைத்தால் போதும்.

பாட்டு ஆசிரியர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். முதல் ஆண்டில் பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் பாட்டைப் பாடச் சொல்லுங்கள். கைதட்டச் சொல்லுங்கள். ஆணோ பெண்ணோ, ஒரு கொட்டைக் கையில் கொடுங்கள். அந்தப் பாட்டு வாயில் நன்றாக ஊறியபின், ‘இப்போது நீ பாடினாயே, இது க, இது ரி’ என்று பெயர் வையுங்கள். பிள்ளை பிறந்த பிறகுதான் நாம் பெயர் வைக்கிறோம்.